பூங்காவை விழுங்கிய மாளிகையும் வடசென்னைக்கு வேண்டிய மண்டபமும்

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகையைப் பார்க்காத சென்னைவாசி இருக்க மாட்டார். அது ஒரு பூங்காவின் நிலத்தில் எழுந்த கட்டடம் என்பது இன்று பலருக்கும் நினைவில்லை. 1859-இல், ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் காலத்தில், 116 ஏக்கர் பரப்பில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பொதுப்பூங்கா அங்கே அமைக்கப்பட்டது. குளங்களும் உலாவும் பாதைகளும் பேண்டு வாத்திய மேடையும் பின்னாளில் மிருகக்காட்சி சாலையும் கொண்டிருந்த அந்தப் பூங்கா, அப்போது கறுப்பர் பட்டணம் என்று வழங்கிய ஜார்ஜ் டவுனின் நெரிசலிலிருந்து நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் இருந்தது. அதன் பிறகு நகரத்துக்கு எந்த நல்ல காரியம் செய்ய நினைத்தாலும் அதிலிருந்தே ஒரு துண்டை நறுக்கினார்கள். 1880-களில் விக்டோரியா பொது மண்டபத்துக்கு ஒரு துண்டு. 1900-இல் திறந்த மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு. 1909-இல் அடிக்கல் நாட்டி 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு. பிறகு விளையாட்டரங்கம், ரயில்வே என்று வரிசையாகப் போயிற்று. 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை வண்டலூரில் திறக்கப்பட்டது. மிச்சம் என்று சொல்ல மை லேடீஸ் பூங்காவும் சில பசுமைத் துணுக்குகளும்தான் இருக்கின்றன.

ஊரை ஆளும் மன்றம், ஊரார் கூடிய வெளியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது என்பதுதான் இதில் என்னை உறுத்துகிறது. வடசென்னையில் சுற்றுச்சூழலுக்கு இசைவான ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று நான் நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். மாநகராட்சிப் பணிகள் நடக்கும் அலுவலகங்களும், யாரும் வந்து கூடியிருக்கத்தக்க திறந்த முற்றமும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதைச் சொன்னவுடன் நண்பர்கள் சூரியத் தகடு எத்தனை கிலோவாட், கண்ணாடி எந்த வகை, பசுமைத் தரச் சான்று எந்த நிலை என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். என்னுடைய வரிசை வேறு. முதலில் வெளி, அடுத்து நிழல், அதற்குப் பிறகே கட்டடம்.

வடசென்னைக்குத் தனியாக ஏன் என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-ஆம் நாள் தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையான மாநகராட்சி என்ற பெருமையை நாம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். ரிப்பன் மாளிகைக்குக் குடிபோகும் முன் அது ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில்தான் இயங்கியது. அதாவது வடசென்னைக்காரரின் வாசலிலேயே இருந்தது. 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகிய நகராட்சிகள் அதில் கரைந்தன. அதுவரை திருவொற்றியூர்க்காரருக்கு ஊருக்குள்ளேயே ஒரு நகர்மன்றம், ஒரு தலைவர், சண்டை போட ஒரு கூடம் இருந்தது. இன்று அங்கே இருப்பது மண்டல அலுவலகம். வரி கட்டலாம், மனு கொடுக்கலாம். மாமன்ற விவாதத்தைக் கேட்க வேண்டுமென்றால் எண்ணூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு ரிப்பன் மாளிகைக்கு வர வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு அந்தப் பயணம் எளிதாகியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்தாலும் நாம் பார்வையாளர்தானே.

இதற்கிடையில் 2022-இல் தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் அமைக்க விதிகள் வந்தன. கிராமசபைக்கு நிகராக நகரத்திலும் மக்கள் நேரில் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு இது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி தினத்தில் பல இடங்களில் முதல் கூட்டங்கள் நடந்தன. சட்டம் வந்துவிட்டது, உட்கார இடம் வரவில்லை. பள்ளிக்கூட வராந்தா, தெருவை மறித்துப் போட்ட சாமியானா, கவுன்சிலர் அலுவலகத்து வாசல் என்று கிடைத்த இடத்தில் கூட்டம் நடக்கிறது. தொழிற்சாலை விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் நிலைமை இன்னும் விசித்திரம். மூச்சுக்காற்றைப் பற்றியும் கழிமுகத்தைப் பற்றியும் மீனவர்கள் பேச வேண்டிய அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் தனியார் திருமண மண்டபங்களிலேயே நடக்கின்றன. நேற்றைய வரவேற்பின் சரிகைத் தோரணம் தொங்கிக்கொண்டிருக்க, மணமேடையில் அதிகாரிகள் அமர்ந்திருக்க, நிலக்கரிச் சாம்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

நிலக்கரியைச் சொன்னேன் அல்லவா, அதையும் விளக்கிவிடுகிறேன். சுற்றுச்சூழலுக்கு இசைவான கட்டடம் என்ற பேச்சு வேறெங்கும் விட இங்கே கூடுதல் பொருளுடையதாவதற்கு அதுவே காரணம். 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்படும்வரை எங்கள் பக்கத்தில்தான் புகைந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட்; வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம் நண்பகலில் குளிர்ந்துகொண்டிருக்கும்போது, அந்தக் குளிருக்கான சாம்பலில் ஒரு பங்கு அத்திப்பட்டுப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காயும் துணியின் மேல் விழுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டடம் என்பது மற்றவர்களுக்கு நல்லெண்ணம், எங்களுக்குத் தன்னலம்.

சரி, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டடம் எப்படியிருக்கும்? அதற்கு எங்கும் போக வேண்டியதில்லை. நான் குறை சொல்லித் தொடங்கிய ரிப்பன் மாளிகைக்கே போகலாம். ஏழரை லட்ச ரூபாய்ச் செலவில் லோகநாத முதலியார் கட்டிய அந்த மாளிகை 252 அடி நீளமும் 126 அடி அகலமும் கொண்டது; கோபுரம் 132 அடி உயரம். தடித்த செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு, தேக்குச் சட்டங்களின் மேல் தாங்கிய கூரை, உயரமான அறைகள், வெயிலைத் தடுத்து நிறுத்தும் நீண்ட தாழ்வாரங்கள். ஏசி என்ற ஒன்று இல்லாத காலத்தில் அதிகாரிகள் அங்கே கோட்டு அணிந்து வேலை பார்த்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வெள்ளை நிறம்கூட வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்கிறது. இப்போது பசுமைக் கட்டட ஆலோசகர்கள் கூரைக்கு வெண்பூச்சு அடிக்கச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்று நாடெங்கும் அறியப்பட்ட கூரை இந்த ஊரின் கைவேலை. தேக்கு உத்திரங்களின் மேல், அதற்கென்றே வார்த்த சிறிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைப் பரப்பி, கடைசியில் தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள். என் சிறு வயதில் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்த ஒரு வீட்டுக்குத் தளம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் தட்டுக்கட்டையுடன், ஒருவர் தட்டும் தாளத்துக்கு மற்றவர் தட்டியபடி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஒருவர் தெளித்துக்கொண்டே போவார். அந்தப் புளித்த இனிப்பு வாசனைக்குத் தெருவிலிருந்த எறும்பெல்லாம் சுவரேறிவிடும். கட்டை பட்டால் தளம் தழும்பு வாங்காத நிலை வரும்வரை நாள்கணக்கில் தட்டுவார்கள். அந்த வீட்டு மாடியறையில் மே மாதத்திலும் மதியத் தூக்கம் தூங்கலாம். எதிரே பிற்பாடு எழுந்த கான்கிரீட் வீட்டில் மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனால் தோசைக்கல்லின் அடியில் நிற்பதுபோல் இருக்கும்.

இதைச் சொல்வதால் எல்லாரும் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். தேக்கு இன்று கட்டுபடியாகாது. தளம் தட்டத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. அந்தக் கட்டடங்கள் எதைத் தெரிந்துவைத்திருந்தனவோ அதைப் புதிய கட்டடமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். தொட்ட பிறகு ஏசியால் துரத்துவது செலவு பிடித்த வேலை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்தில் உள்ள ஒரு பொது அலுவலகம். மேற்குப் பார்த்த முகப்பு முழுவதும் நீலக்கண்ணாடி. மதியமானால் வெயில் நேராக உள்ளே இறங்குவதால் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுகிறார்கள், மூடியதால் இருட்டாகிறது, இருட்டானதால் பட்டப்பகலில் விளக்குகள் எரிகின்றன, கண்ணாடியும் விளக்கும் சேர்ந்து கக்கும் சூட்டுக்கு ஏசி மூச்சிரைக்க ஓடுகிறது. வெளியே ஏசிப் பெட்டிகள் துப்பும் அனலில்தான் பொதுமக்கள் வரிசை. பேரனின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்த ஒரு மூதாட்டி வாசற்படியில் ஒரு சாண் நிழலைக் கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தார். காவலர் வந்தார்.

"ஆயா, வாசல்ல குந்தாத. சார் வண்டி வர்ற நேரம். அந்தாண்ட போ."

"அந்தாண்ட வெயிலு கொளுத்துதுபா. நெழலு எங்க கீதுன்னு காட்டு, நான் பாட்டுக்கு அங்க போய் குந்திக்கிறேன்."

காவலர் சுற்றுமுற்றும் பார்த்தார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் வேறு பக்கம் போய்விட்டார். அந்தக் கட்டடத்தின் கூரையில் சூரியத் தகடுகள் இருக்கின்றன என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

உலகில் பாராட்டப்படும் பசுமை நகர மண்டபங்களைப் பற்றிப் படிக்கும்போது நம் ஊருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பன் மாநகராட்சி 2006-இல் திறந்த 'கவுன்சில் ஹவுஸ் 2' என்ற பத்து மாடிக் கட்டடம் அவற்றில் முக்கியமானது. தெருவுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயிலிருந்தே நீரை எடுத்துச் சுத்திகரித்துப் பயன்படுத்தும்படி அதை அமைத்தார்கள். மேற்கு முகப்பில் பழைய மரத்தில் செய்த தடுப்புப் பலகைகள் சூரியனுக்கேற்ப மூடித் திறக்கின்றன. மேலே சொன்ன நீலக்கண்ணாடிக்காரர்கள் இந்த ஒன்றையாவது பார்த்திருக்கலாம். இரவில் சன்னல்கள் தாமாகத் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விட, அலைபோல் வளைந்த கான்கிரீட் உட்கூரை அந்தக் குளிரை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் பகலில் அறையைக் குளிர்விக்கிறது.

அழகான உத்தி. ஆனால் ராயபுரத்தில் இது எடுபடாது. மெல்பனில் கோடையிலும் இரவு குளிர்ந்துவிடும்; சென்னையில் மே மாத இரவிலும் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, காற்றில் ஈரப்பதமோ பகலைவிட இரவில் அதிகம். திறந்து வைத்த சன்னல் வழியாக நமக்கு வருவது புழுக்கம்தான். வடநாட்டில் வேலை செய்யும், நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் ஏர் கூலரும் அதே காரணத்தால் இங்கே பயன்படாது. ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்றை மேலும் நனைத்து என்ன பயன்? நமக்கென்று இயற்கை கொடுத்திருப்பது இரண்டு: நிழல், கடற்காற்று. கோடையில் பெரும்பாலான நாள்களில் மதியம் தென்கிழக்கிலிருந்து காற்று எழும்பும். அது வரத் தாமதமாகும் நாளில் ஊரே வானத்தைப் பார்த்து முணுமுணுக்கும். ஆகவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, குறுகிய பக்கங்களை மட்டும் காலை மாலை வெயிலுக்குக் காட்டி, நீண்ட பக்கங்களை வடக்கிலும் தெற்கிலும் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒற்றை வரிசை அறைகளாக இருந்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். இரண்டு பக்கமும் அறை, நடுவில் இருட்டு நடை என்ற அரசு அலுவலகத்துக்கே உரிய அமைப்பை முதலில் கைவிட வேண்டும்.

மீதியை மின்விசிறி பார்த்துக்கொள்ளும். பழைய விசிறி 75 வாட் இழுத்த இடத்தில் இப்போதைய பிஎல்டிசி விசிறிகள் 30 வாட் அளவில் சுற்றுகின்றன. மாமன்றக் கூடம், கணினி அறை போன்ற சில இடங்களுக்கு ஏசி தேவைதான். அங்கும் 20-இல் வைத்துப் போர்த்திக்கொள்ளும் பழக்கத்தை விட்டு 26, 27-இல் வைத்து விசிறியைச் சுழலவிடலாம். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. 2020 முதல் வீட்டு ஏசிகள் 24-இல் தொடங்கும்படி விதித்ததும் அதே பணியகம்தான். இவ்வளவையும் செய்து தேவையைக் குறைத்த பிறகு கூரையில் தகடு பதித்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சென்ட்ரல் நிலையம் 1.5 மெகாவாட் சூரியத் தகடுகளால் தன் பகல் நேரத் தேவையைச் சமாளிக்கிறது. அவ்வளவு பெரிய கூரையும், வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரும் இருப்பதால் அது நடக்கிறது.

பசுமைச் சான்று பற்றி ஒரு வார்த்தை. 2010 மார்ச்சில் ஓமந்தூரார் வளாகத்தில் திறக்கப்பட்ட புதிய சட்டமன்றக் கட்டடம், பசுமைக் கட்டடம் என்ற பெருமையோடுதான் வந்தது. 2014-இல் அது பல்நோக்கு மருத்துவமனையானது. அரசியல் எப்படியோ போகட்டும், நோயாளிகளுக்கு நல்லதே நடந்தது என்று நினைப்பவன் நான். ஆனாலும் மன்றத்துக்காக வரைந்த கட்டடத்தை மருத்துவமனையாக மாற்ற உடைத்தவை, புதிதாகக் கட்டியவை எல்லாம் எந்தச் சான்றிதழின் கணக்கில் வரும்? ஒரு டன் சிமெண்டு செய்யவே அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. இடிக்காமல் விட்ட கட்டடம் அந்த வகையில் நமக்குச் சேமிப்பு. வடசென்னையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கிடங்குகளுக்குப் பஞ்சமில்லை. உயர்ந்த கூரையும் தடித்த சுவரும் கொண்ட அவற்றில் ஒன்றை எடுத்துச் செப்பனிட்டு, அருகிலுள்ள காலி நிலத்தை முற்றமாக்குவதே என் முதல் விருப்பம். தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

தண்ணீர்க் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதை யாரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் அது 14 லட்சம் லிட்டர். வழிந்ததும் ஆவியானதும் போக 11 லட்சம் லிட்டரைப் பிடிக்கலாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழி தோண்டினோம். பல அலுவலகங்களில் அந்தக் குழிகள் இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றன. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பேறிப்போன எங்கள் பகுதிக்கு, பிடித்த மழையை நிலத்துக்குள் விடுவதும், ஒரு பங்கைத் தொட்டியில் தேக்கிக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் பயன்படுத்துவதும் மின்சாரச் சேமிப்பும்கூட. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் கொண்டது; அந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். மேலே சொன்ன 11 லட்சம் லிட்டரைப் பெருக்கிப் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரையும் விடக்கூடாது. ஈரப்பதம் மிகுந்த ஊர் என்பதால் அது குடம் குடமாக வடிகிறது; பாரிமுனை நடைபாதையில் அண்ணாந்து பார்த்துத் திட்டியபடி போகும் எவருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மழை என்றதும் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் வடிய நாள்கள் ஆயின. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் பரவியது. அப்போது மக்கள் போய்த் தங்கியவை மாநகராட்சிப் பள்ளிகளும் சமுதாய நலக்கூடங்களுமே. அவற்றில் சில தாமே தாழ்வான இடத்தில் இருந்தன. வடசென்னையில் எழும் பொது மண்டபத்தின் தளம் 2015-இன் வெள்ள மட்டத்தையும் 2023-இன் வெள்ள மட்டத்தையும் கேட்டறிந்து அவற்றுக்கு மேலே இருக்க வேண்டும்; மின்பலகையும் ஜெனரேட்டரும் முதல் மாடியில் இருக்க வேண்டும்; சக்கர நாற்காலி ஏறும் சறுக்குப்பாதை வேண்டும்; ஐந்நூறு பேருக்கு உலை வைக்கக்கூடிய சமையற்கூடம் வேண்டும். மற்ற நாள்களில் அந்தச் சமையற்கூடத்தில் மலிவு விலை உணவகம் நடக்கலாம். சூரியத் தகடுகளின் பயன் உண்மையில் தெரிவதும் அந்த இருட்டு நாள்களில்தான். கைபேசிக்கு மின்னேற்ற ஒரு பிளக் பாயிண்டு கிடைக்காமல் மக்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவர்களுக்கு மின்கலச் சேமிப்பின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது முற்றத்துக்கு வருகிறேன். கூட்டம் கூடுவது வடசென்னைக்குப் புதிதில்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரலில், பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களோடு நின்றார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1916 நவம்பரில், நீதிக்கட்சி உருவான கூட்டம் விக்டோரியா பொது மண்டபத்தில் நடந்தது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. ஒன்று ஆலைத் தெரு, ஒன்று பொது மண்டபம், ஒன்று பூங்கா. மூன்றிலும் கூடியவர்கள் யாரும் வாடகை மண்டபத்தில் முன்பணம் கட்டிவிட்டுக் கூடவில்லை. விக்டோரியா மண்டபமே பொதுமக்கள் நன்கொடையால் எழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்து, ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட ஊர் இது. கேரம் மன்றமும் குத்துச்சண்டைப் பயிற்சியும் தெருவோரக் கொட்டகைகளில்தான் நடந்தன, நடக்கின்றன. 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். ஓரறை வீடுகளிலும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு மேசையும் விளக்கும் எவ்வளவு தேவை என்பதை, 2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற படிப்பு, பணிக் கூடம் திறந்தபோது கிடைத்த வரவேற்பு காட்டியது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் இப்படிப்பட்டவை இன்னும் வரட்டும். என் குறை ஒன்றுதான்: இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சுற்றுச்சுவருக்குள் அடைபட்டுவிடுகின்றன. படிக்க வருபவர், சான்றிதழ் வாங்க வருபவர், கேரம் ஆட வருபவர், மனு கொடுக்க வருபவர் எல்லாரும் ஒரே முற்றத்தைக் கடந்துபோகும்படி அமைத்தால், பகுதி சபைக்கு ஆள் சேர்க்க ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டத் தேவையிருக்காது.

முற்றத்தைக் கான்கிரீட் கட்டிகளால் மெழுகிவிடக்கூடாது என்பதை மட்டும் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். நகரத்தில் எங்கே 'சதுக்கம்' என்று அறிவித்தாலும் முதலில் வழவழப்பான கருங்கல் பலகைகள், பிறகு எஃகு எழுத்துகளில் ஊரின் பெயர், கடைசியில் தொட்டிகளில் நான்கு பாக்குப்பனை என்றுதான் வருகிறது. பாக்குப்பனை யாருக்கு நிழல் தந்தது? மரம் வைப்பதென்றால் கடற்காற்றின் உப்பைத் தாங்கும் புன்னையும் பூவரசும், நிழலுக்குப் புங்கனும் வேம்பும் இருக்கின்றன. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயலில் அயல்நாட்டு அலங்கார மரங்கள் கொத்துக் கொத்தாக விழுந்ததைக் கண்ட நகரம் நாம். புங்கன் தழைத்து நிழல் தர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அதனால்தான் கட்டடத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே மரங்களை நட்டுவிட வேண்டும் என்கிறேன். முதலில் வெளி, அடுத்து நிழல் என்று தொடக்கத்தில் சொன்ன வரிசை கால அட்டவணையும் ஆகும். மரங்கள் தழைக்கும் அந்த ஆண்டுகளில் மக்கள் அங்கே என்ன செய்கிறார்கள், எந்த மூலையில் உட்காருகிறார்கள், எந்த வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரைபடம் போட்டால் கட்டடக் கலைஞருக்கும் வேலை மிச்சம்.

கழிப்பறை, குடிநீர், கதவு ஆகிய மூன்றும் மிச்சம். சமுதாய நலக்கூடங்கள் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் போக மற்ற நாள்களில் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் கேட்டால், திறந்து வைத்தால் பெருக்க ஆளில்லை என்பார்கள். அது பொய்யில்லை. கட்டுவதற்கு ஒரு நிதியும் நடத்துவதற்கு இன்னொரு நிதியும் இருப்பதும், முன்னதற்குத் திறப்பு விழா உண்டு, பின்னதற்கு இல்லை என்பதும் அதன் வேர். பெண்கள் இரவு ஏழு மணிக்கு மேலும் தயங்காமல் வந்துபோகும் கழிப்பறை இல்லாத முற்றம் பாதிப்பேருக்கு மூடிய முற்றமே. ஆகவே மதிப்பீடு தயாரிக்கும்போதே, சுண்ணாம்புக்கும் சூரியத் தகட்டுக்கும் தொகை எழுதும் அதே தாளில், பத்தாண்டுகளுக்குத் தூய்மைப் பணியாளர்களின் ஊதியம், தொட்டி கழுவும் செலவு, விசிறி பழுது பார்க்கும் செலவு, தேர்வு மாதங்களில் படிப்பகத்தை நள்ளிரவு வரை திறந்து வைக்கும் காவலரின் ஊதியம் ஆகியவற்றையும் எழுதிவிட வேண்டும். மொத்தத் தொகை கூடுகிறது என்று நிதித்துறை கோப்பைத் திருப்பி அனுப்பினால், முகப்பிலிருந்து கண்ணாடியைக் குறைத்துக்கொள்ளலாம்.